கொழும்புக்கு ஏற்ற தூரம்

ஒரு வீதி ஓட்டப் போட்டி நல்லதா என்று தீர்மானிக்க முதலாவதாக வருபவரைப் பார்ப்பதே நம் வழக்கம். அவர் எத்தனை மணி நேரத்தில் ஓடினார், போன வருடத்தை விட வேகமா, நம்மவரா வெளிநாட்டவரா என்பதோடு பத்திரிகைச் செய்தி முடிந்துவிடும். தடகளச் செய்திக்கு அது போதும். ஆனால் ஒரு நகரம் தன் வீதிகளை மூடிப் பொதுமக்களை ஓடக் கூப்பிடும்போது, வந்து நிற்பவர்களில் பெரும்பாலோர் தடகள வீரர்கள் அல்லர். வங்கியில் வேலை செய்பவர், வெள்ளவத்தையில் துணிக்கடை வைத்திருப்பவர், கொட்டாஞ்சேனையில் ரியூஷன் கொடுப்பவர், ஓய்வுபெற்ற ஆசிரியை என்று பலரும் காசு கட்டி, நெஞ்சில் இலக்கத் துண்டைக் குத்திக்கொண்டு நிற்கிறார்கள். அந்தப் போட்டி இவர்களுக்கு என்ன செய்கிறது? இதை அறிய ஓட்டத்தின் கடைசி மணி நேரத்தைப் பார்க்க வேண்டும். கடைசியில் வருபவரை எப்படி நடத்துகிறது என்பதே என் அளவுகோல்.

நான் நிறுக்க எடுத்துக்கொண்டது முழு மரதனை. 42.195 கிலோமீற்றர் என்ற அந்தத் தூரம், கொழும்பில், பொழுதுபோக்காக ஓடுகிற ஒருவருக்கு ஏற்றதா? கொழும்பு மரதன் பெரும்பாலும் ஒக்டோபரில் நடக்கிறது. முழுத் தூரம், அரைத் தூரம், பத்து கிலோமீற்றர் என்று பிரிவுகள் உண்டு. அதற்கு வெளியே நிறுவனங்கள் நடத்தும் ஓட்டங்களும், சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவையொட்டி விடியப்புறத்தில் நடக்கும் மரதன்களும் இருக்கின்றன. ஏதாவது ஒரு போட்டியைப் பிடித்துக் குறை சொல்வது என் நோக்கமில்லை. இந்த ஊரின் காற்றும் வெயிலும் வீதியும் அந்தத் தூரத்தைத் தாங்குமா என்பதே பிரச்சினை.

எண்ணளவில் கொழும்பு கொடிய ஊர் இல்லை. ஒக்டோபரில் விடியப்புறம் 24, 25 பாகை செல்சியஸ். காலை பத்து மணிக்கு 29, 30. சென்னையின் மே மாதத்தைப் பார்த்தவருக்கு இதெல்லாம் ஒரு வெயிலா என்று தோன்றும். ஓடுகிறவரின் உடம்புக்கு வெப்பமானியை விட ஈரப்பதன்தான் முக்கியம். 65 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீற்றர் ஓடினால் ஏறத்தாழ 65 கிலோகலோரி செலவாகும். அதில் முக்காற்பங்குக்கும் மேல் வெப்பமாகவே போகும். மணிக்கு ஒன்பது கிலோமீற்றர் என்ற நிதான ஓட்டத்திலேயே உடம்பு மணிக்கு மணி சுமார் 450 கிலோகலோரி வெப்பத்தை வெளியே தள்ளியாக வேண்டும். ஒரு லீற்றர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி கழியும். ஆகவே கணக்குப்படி எண்ணூறு மில்லிலீற்றர் போதும். ஆனால் விடியப்புறம் ஈரப்பதன் 90 வீதத்தைத் தொடும் ஊரில் வியர்வை சரியாக ஆவியாவதில்லை, சொட்டுகிறது. சொட்டுகிற வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. தண்ணீரையும் உப்பையும் கொண்டு போவதோடு சரி.

மரைன் டிரைவில் ஓடுகிறவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டி நோக்கிப் போகும்போது இடப்பக்கம் தண்டவாளம், அதற்கப்பால் கடல். ஐந்து மணிக்குக் காற்றே இராது. இரண்டாவது கிலோமீற்றர் முடிவதற்குள் கண் இமையில் உப்புத் தண்ணீர் எரியும். பத்துக் கிலோமீற்றர் தாண்டினால் காலால் வழிந்த வியர்வை காலுறையில் ஊறி, அடி வைக்கும் ஒவ்வொரு தடவையும் சப்பாத்துக்குள் சளக் சளக் என்று கேட்கும். மழை பெய்திருக்காது, வீதி காய்ந்து கிடக்கும், சப்பாத்து மட்டும் நனைந்திருக்கும். வீட்டுக்கு வந்து காய வைத்த பெனியனில் வெள்ளை வெள்ளையாக உப்பு வரி வரியாகப் பூத்திருக்கும்.

ஈரப்பதன், நேர் வெயில், காற்றின் சூடு மூன்றையும் 70, 20, 10 வீதமாகச் சேர்த்து ஒரே எண்ணாகத் தரும் அளவீடு ஒன்றை விளையாட்டு மருத்துவம் பயன்படுத்துகிறது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி, கறுப்புக் கோளத்துக்குள் வைத்த வெப்பமானி, சாதாரண வெப்பமானி மூன்றும் அதற்கு வேண்டும். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி நெடுங்காலமாக 28 பாகையை எச்சரிக்கை எல்லையாக வைத்திருக்கிறது. அதைத் தாண்டினால் நெடுந்தூரப் போட்டியை நிறுத்துவது அல்லது தள்ளிவைப்பது நல்லது என்பது அதன் நிலைப்பாடு. வெயில் ஏறிய ஒரு கொழும்புக் காலையில் காற்று 30, ஈர வெப்பமானி 26, கறுப்புக் கோளம் 42 என்று வைத்துக் கணக்குப் போட்டால் 29.6 வரும். சூரியன் எழுமுன்பு அதே ஊரில் அந்த எண் 24 அளவில்தான் நிற்கும். ஒரே நாளில், ஒரே வீதியில், நான்கு மணி நேர இடைவெளியில் இரண்டு வேறு போட்டிகள் நடக்கின்றன என்றே சொல்ல வேண்டும்.

இங்கே ஓர் ஆட்சேபம் வரும், அது நியாயமானதுதான். அந்த 28 குளிர் நாட்டு உடம்புகளை முன்வைத்து எழுந்த எண். இங்கேயே ஓடிப் பயின்றவர்களின் உடம்பு வெப்பத்துக்குப் பழகியது. சீக்கிரம் வியர்க்கத் தொடங்கும், வியர்வையில் உப்பும் குறையும். இதை நான் ஏற்கிறேன். அந்த எண்ணை அப்படியே இறக்குமதி செய்து கொழும்பில் எல்லா ஓட்டத்தையும் நிறுத்தச் சொல்வது மடமை. ஆனால் பழக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. பழகிய உடம்பு கூடுதலாக வியர்க்கிறது. அந்த வியர்வை ஆவியாக இடமில்லாத காற்றில் கூடுதல் வியர்வையால் கிடைக்கும் ஆதாயம் சுருங்கிவிடுகிறது. அதோடு, குளிரூட்டிய அலுவலகத்தில் ஒன்பது மணி நேரம் இருந்து, குளிரூட்டிய அறையில் தூங்கி எழுகிற வெள்ளவத்தை மாடிவீட்டுக்காரரின் உடம்பு எந்த அளவுக்குப் பழகியது என்பதையும் கேட்க வேண்டும்.

வெப்பத்தை விடப் பெரிய விஷயம் கடிகாரம். ஓட்டம் ஐந்து மணிக்குத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒக்டோபர் முற்பகுதியில் கொழும்பில் சூரியன் ஆறு மணியளவில் எழும். முன்னணியில் ஓடுபவர் இரண்டரை மணி நேரத்தில் முடித்து, ஏழரைக்குச் செவ்விளநீர் குடித்துக்கொண்டிருப்பார். அவர் ஓடிய நேரத்தில் ஒரு மணி நேரம் இருட்டும் விடியலும், மீதி இளவெயில். ஐந்தரை மணி நேரம் எடுப்பவர் பத்தரைக்கு வந்து சேருவார். அவர் ஓட்டத்தின் பெரும்பகுதி வெயிலில் போகிறது. அதிலும் மிகக் களைத்த கடைசிப் பத்துக் கிலோமீற்றர் மிகச் சுடும் நேரத்தில் வருகிறது. பயிற்சி குறைந்தவருக்கு, வயது கூடியவருக்கு, எடை கூடியவருக்கு ஆகக் கடினமான நிலைமையை ஒதுக்கிக் கொடுக்கும் ஏற்பாடு இது. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. ஆனால் தொடங்கும் நேரத்தைத் தீர்மானித்ததோடு இதுவும் தீர்மானமாகிவிடுகிறது.

பல மரதன்களின் பழைய பெறுபேறுகளை ஆராய்ந்து 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதையே காட்டியது. வெப்பம் கூடக்கூட எல்லோரும் மெதுவாகிறார்கள். ஆனால் பின்னால் ஓடுபவர்களின் வேகம் முன்னால் ஓடுபவர்களுடையதை விட மிக அதிகமாக விழுகிறது. அதே வருடம் ஒக்டோபர் 7ஆம் திகதி சிக்காகோ மரதனில் எதிர்பாராத வெப்பம் வந்தது. தொடங்கி மூன்றரை மணி நேரமளவில் போட்டியை நிறுத்தினார்கள். அதற்குள் வேகமானவர்கள் ஓடி முடித்திருந்தார்கள். வீதியில் அகப்பட்டவர்கள் எல்லோரும் மெதுவானவர்கள். தாங்கள் வரும்போது தண்ணீர் தீர்ந்திருந்தது என்று முறையிட்டவர்களும் அவர்களே. 2019இல் தோஹாவில் உலகச் சம்பியன்ஷிப் பெண்கள் மரதனை நள்ளிரவில் தொடங்கியும் புறப்பட்ட 68 பேரில் 40 பேர்தான் முடித்தார்கள். உலகின் தேர்ந்த வீராங்கனைகள் அவர்கள்.

பின்னால் ஓடுபவருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. வெயில் என்றால் தண்ணீர் குடி, குடி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். 2002 பொஸ்டன் மரதனில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 வீதமானோருக்குச் சோடியம் இயல்பான அளவுக்குக் கீழே குறைந்திருந்தது. அவர்களில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களும், ஓடி முடிக்கும்போது எடை கூடியிருந்தவர்களும் அதிகம். அவர்களுக்கு வந்த கெடுதி தண்ணீர் கூடியதால் வந்தது. கொழும்பில் ஓட்டக்காரருக்கு வெறும் தண்ணீர்ப் போத்தலை நீட்டும் பிள்ளைகளின் மனது பெரிது. “அங்கிள், இன்னும் கொஞ்சந்தான், பிடியுங்கோ” என்று கூடவே ஓடிவந்து தருகிற பையனின் கையிலிருந்து வாங்காமல் போக யாருக்கும் மனம் வராது. ஆனால் முப்பதாவது கிலோமீற்றருக்குப் பிறகு தண்ணீர் மேசையில் ஜீவனி என்ற உப்புச் சர்க்கரைக் கரைசலும், உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீரும், ஒரு சீப்பு வாழைப்பழமும் இருக்க வேண்டும்.

நான் ஓடிய போட்டி ஒன்றில் முன்னணி ஓட்டக்காரர்கள் கடந்து போகும்வரை சந்திகளில் பொலிஸார் பஸ்களை மறித்து வைத்திருந்தார்கள். அதன் பிறகு ஒரு பாதை திறந்தது, பிறகு மற்றதும். எட்டரை மணிக்கு நாங்கள் ஓடியது வீதியோரத்தில், பஸ் புகைக்கும் வடிகானுக்கும் இடையில். முதல் நூறு பேருக்குக் கிடைத்த போட்டியும் எங்களுக்குக் கிடைத்ததும் ஒன்றல்ல. கட்டணம் மட்டும் எல்லோருக்கும் ஒன்று.

தானே விரும்பி ஓடுகிறவரைப் பற்றி மற்றவர் ஏன் கவலைப்பட வேண்டும் என்பது அடுத்த வாதம். அந்த விருப்பம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். நம் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன் மரதன் ஓட்டம் நடக்கும். தூரம் ஐந்தாகவும் இருக்கலாம், பத்தாகவும் இருக்கலாம், பெயர் மரதன்தான். வீதியோரத்தில் சனம் வாளியில் தண்ணீரோடு நிற்கும், தலையில் ஊற்றும். இடையில் நிற்பது இல்லத்துக்கே அவமானம் என்ற எண்ணத்தோடு நாங்கள் வளர்ந்தோம். 2024 மார்ச்சில் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓடிய 16 வயது மாணவன் ஒருவன் உயிரிழந்தான். வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பச் சுட்டெண் எச்சரிக்கைகளை விட்டுக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பிள்ளையின் மரணத்துக்கு ஒரே காரணத்தை நான் இங்கிருந்து தீர்ப்பாகச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் ‘நிற்காதே’ என்று பிள்ளைகளுக்குப் பழக்குகிற சமூகத்தில், நாற்பது வயதில் மார்பு படபடக்க ஓடுகிறவர் தன் சுய விருப்பப்படியே ஓடுகிறார் என்று சொல்லிக் கையைக் கழுவ என்னால் முடியவில்லை.

வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் உள்ள வித்தியாசத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். தெற்கில் இருப்பவருக்கு மேடு பள்ளமில்லாத மரைன் டிரைவ் இருக்கிறது. கொட்டாஞ்சேனைக்காரருக்கு விவேகானந்த மேட்டின் ஏற்றம், ஜம்பட்டா வீதியின் நெரிசல், துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லொறிகள். நாட்டின் பெரிய தடகளப் போட்டிகள் நடக்கும் சுகததாச விளையாட்டரங்கு பக்கத்தில்தான், ஆனால் முப்பது கிலோமீற்றர் பயிற்சி ஓட்டத்தை ஓடுபாதையில் சுற்றிச் சுற்றி முடிக்க முடியாது. அங்கிருந்து ஓடுகிறவர்கள் கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் பக்கமாகக் கோட்டைக்கு இறங்கி, காலிமுகத்திடலுக்கு வந்துதான் மூச்சு விடுகிறார்கள். பெண்கள் என்றால் விடியப்புறம் நான்கரைக்குத் தம்பியோ அப்பாவோ சைக்கிளில் பின்னால் வர வேண்டும். முழு மரதனுக்கு உரிய பயிற்சி இந்த ஊரில் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. பயிற்சி குறைந்தவர் மெதுவாக ஓடுவார். மெதுவாக ஓடுபவருக்கு வெயில் கூடும்.

இந்த இரண்டு இடங்களின் பெயரையும் சேர்த்துச் சொல்லும்போது எனக்கு 2007 ஜூன் 7 நினைவுக்கு வராமல் போகாது. அன்று விடியப்புறம் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்கள் 376 பேரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றிக் கொழும்பிலிருந்து வெளியேற்றினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அந்தப் போர்க் காலத்தில் இருட்டில் வீதியில் ஓடுகிற தமிழ் இளைஞன் பத்து நிமிடத்துக்குள் அடையாள அட்டையை எடுத்துக் காட்ட நேர்ந்திருக்கும். ஆகவே இன்று காலி வீதி நடுவே, பொலிஸ் வழிவிட, நெஞ்சில் இலக்கத்தோடு ஒரு தமிழர் ஓடுவது எங்களுக்குச் சாதாரண விஷயம் அல்ல. அந்த மகிழ்ச்சியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அந்த மகிழ்ச்சிக்கு 42 கிலோமீற்றர்தான் வேண்டுமா என்பதே கேள்வி.

முழு மரதனுக்கு ஆதரவான மிக வலுவான வாதத்தை இப்போது வைக்கிறேன். வசதியுள்ளவர் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ மெல்பேர்னுக்கோ பறந்து போய் ஓடலாம். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு மேல் போனபின், கொட்டாஞ்சேனைக் கடையில் வேலை செய்யும் பையனுக்கு ஓட்டச் சப்பாத்து ஒரு சோடி வாங்குவதே பெரிய காரியம். விமானச் சீட்டும் வீசாவும் அவனுக்கு எட்டாது. கொழும்பில் முழு மரதனை எடுத்துவிட்டால், அந்தத் தூரமே பணக்காரர் சொத்தாகிவிடும். இதற்கு என்னிடம் சுலபமான மறுமொழி இல்லை. ஆனால் இதே வாதம்தான் ஏற்பாட்டாளரின் கடமையையும் கூட்டுகிறது. வேறு வழியில்லாத ஒருவர் ஓடும் போட்டி என்றால், அது அவருக்கு ஏற்ற நேரத்தில் தொடங்க வேண்டும்.

மாதத்தை மாற்றலாமா? ஜனவரியில் கொழும்பின் விடியல் 22, 23 பாகைக்கு இறங்கும், காற்றும் உலர்ந்திருக்கும், சூரியனும் ஒக்டோபரை விட இருபது நிமிடத்துக்கு மேல் பிந்தி எழும். சிக்கல் என்னவென்றால், வடகீழ்ப் பருவக்காற்று இந்திய உபகண்டத்தின் தூசியையும் இங்கே கொண்டுவரும் காலமும் அதுதான். 2022 டிசெம்பர் 9ஆம் திகதி காற்று மாசினால் பாடசாலைகளை மூட வேண்டி வந்தது. ஓடுகிறவர் மணிக்கணக்கில் ஆழமாக மூச்சிழுக்கிறவர். ஆயினும் வெப்பம் ஒக்டோபரில் ஒவ்வொரு வருடமும் நிச்சயம். மாசு ஜனவரியில் சில நாட்களில்தான் மோசம், அதை முதல் நாளே அளந்து பார்த்துத் தள்ளிவைக்கலாம். ஜனவரி மேல் என்பதே என் கணிப்பு. சென்னை மரதன் ஜனவரியில், விடியப்புறம் நான்கு மணிக்குத் தொடங்குகிறது. அரை மரதனுக்கும் 42க்கும் இடையில் 20 மைல் என்றும் ஒரு பிரிவு அங்கே வைத்திருக்கிறார்கள்.

தூரத்தை மாற்றுவதிலும் குறைவு எதுவும் இல்லை. 42.195 என்பது 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் மாளிகையிலிருந்து அரச குடும்பம் அமர்ந்த மேடைவரை அளந்ததில் வந்த எண். 1921இல்தான் அது நிலையான தூரமானது. இந்தியாவில் மும்பைக்கு முழு மரதன், டில்லிக்கு அரை மரதன், பெங்களூருக்கு 10 கி.மீ., கொல்கத்தாவுக்கு 25 கி.மீ. என்று நகரத்துக்கு ஒரு தூரம் அமைந்திருக்கிறது. பெங்களூர் 2008 முதல் பத்துக் கிலோமீற்றரையே தன் பெரிய ஓட்டமாக நடத்தி உலக வீரர்களை வரவழைக்கிறது.

ஆனால் குறைந்த தூரம் என்பதால் ஆபத்தில்லை என்று நினைக்கவும் கூடாது. வெப்பத்தாக்கு வேகத்தோடு வருவது. அமெரிக்காவின் ஃபால்மத் ஓட்டம் ஏழே மைல்தான், ஓகஸ்ட் மாதத்து ஈரவெப்பத்தில் நடப்பது. அங்கே 18 வருடங்களில் 274 பேருக்கு வெப்பத்தாக்கு வந்தது, ஒருவரும் இறக்கவில்லை. விழுந்தவரை அம்புலன்ஸில் ஏற்றி அனுப்புமுன் முடிவுக்கோட்டிலேயே பனிக்கட்டித் தண்ணீர்த் தொட்டிக்குள் கழுத்துவரை இறக்கினார்கள். ஒரு பிளாஸ்ரிக் தொட்டியும் மீன் சந்தையிலிருந்து சில பெட்டி ஐஸும் கொழும்பில் எந்த ஏற்பாட்டாளரின் சக்திக்கும் அப்பாற்பட்டவை அல்ல.

என் தீர்ப்பு இது. விடியப்புறம் ஐந்து மணிக்குத் தொடங்கும் ஒக்டோபர் முழு மரதன், நான்கரை மணி நேரத்துக்குள் முடிக்கக்கூடியவர்களுக்கு மட்டும் உரிய போட்டி. அதைப் பொதுமக்கள் எல்லோருக்கும் திறந்து வைப்பது தவறு. இப்போதைய நிலையில் கொழும்பின் ஓட்டம் அரை மரதன். 21 கிலோமீற்றரை இரண்டே முக்கால் மணி நேரத்தில் ஓடுபவரும் எட்டு மணிக்குள் நிழலுக்கு வந்துவிடுவார். முதலாவதாக வருபவருக்கும் கடைசியில் வருபவருக்கும் ஏறத்தாழ ஒரே காலை கிடைக்கும். முழுத் தூரம் வேண்டுமென்றால் ஜனவரியில், மூன்று மணிக்குத் தொடங்க வேண்டும். அந்த நேரத்தில் கோச்சியும் இல்லை, பஸ்ஸும் இல்லை. ஆகவே வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் இரண்டு மணிக்கு ஓட்டக்காரரை ஏற்றிவர பஸ் விட வேண்டும். கடைசி ஓட்டக்காரருக்குப் பின்னால் ஒரு வாகனம் வர வேண்டும், அது கடந்த பிறகே வீதி திறக்க வேண்டும். இவை இல்லாத முழு மரதனுக்குப் பெயர் கொடுக்க வேண்டாம் என்றே என்னோடு மரைன் டிரைவில் ஓடுகிறவர்களுக்குச் சொல்கிறேன். அந்தக் காசை அரை மரதனுக்குக் கட்டச் சொல்கிறேன்.